கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற பாடம்

மின்னல் எப்படி உண்டாகிறது என்ற ஒரே பாடத்தை இரண்டு விதமாக எழுதிக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள் ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். ஒன்றில் பாடம் மட்டும் இருந்தது. ஈரமான காற்று மேலெழுகிறது, மேகமாகிறது, மேகத்துக்குள் மின்னூட்டங்கள் பிரிகின்றன, மின்னல் இறங்குகிறது. மற்றொன்றில் அதே பாடத்தோடு சுவையான துணுக்குகளும் கலந்திருந்தன: மின்னல் தாக்கிய விமானம், மின்னல் பட்டுச் சீருடை பொத்தலான விளையாட்டு வீரர், இப்படி.

துணுக்குகளோடு படித்தவர்களுக்குத்தான் பாடம் நன்றாகப் பதிந்திருக்கும் என்று நினைப்போம். 1998-ல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. அவர்கள் முக்கியக் கருத்துகளைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததைக் கொண்டு புதிய கேள்விக்கு விடை காண்பதிலும் பின்தங்கினார்கள். முக்கிய வரிகளை எடுப்பாக அச்சிட்டுக் கொடுத்தும் அந்த இழப்பு ஈடாகவில்லை. துணுக்குகளைத் தொடக்கத்தில் வைத்தபோது பாதிப்பு கூடியது. கடைசியில் வைத்தபோது குறைந்தது.

வகுப்பறையில் புரொஜெக்டரோ ஸ்மார்ட் போர்டோ வைத்துப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை இது. பாடத்துக்கு அழகு சேர்க்கிறோம் என்று நாம் ஒட்டும் படமும், பறந்து வரும் எழுத்தும், பின்னணியில் பூக்கும் பூவும் மாணவரின் கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிடுகின்றன. ஸ்லைடு வடிவமைப்பு அலங்காரக் கலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது, கண்ணும் நினைவும் இயங்கும் விதத்தை அறிந்து அதற்கேற்பப் பாடத்தை அடுக்கும் வேலை. ஓவியத் திறமை இல்லாதவரும் அதைக் கற்றுக்கொள்ள முடியும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் இதயப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஸ்லைடு எப்படி இருக்கும்? மேலே "இதயம்" என்று தலைப்பு. இடப்புறம் பத்து வரிக் குறிப்புகள். வலப்புறம் ஒரு சிறிய படம்; அதில் 1 முதல் 12 வரை எண்கள். எண்களுக்கான பெயர்கள் கீழே ஒரு பட்டியலில். அடர்நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. மூலையில் பள்ளியின் சின்னம், எதிர் மூலையில் துடிக்கும் கார்ட்டூன் இதயம். இந்த ஸ்லைடை ஒவ்வொரு படியாகத் திருத்திப் பார்ப்போம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது.

குறுகிய வழி

நாம் இந்தக் கணத்தில் யோசித்துக்கொண்டிருப்பதைத் தாங்கி நிற்பது செயல்நினைவு. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. 1956-ல் ஜார்ஜ் மில்லர் அது ஏறக்குறைய ஏழு கூறுகளைத் தாங்கும் என்று எழுதினார். 2001-ல் நெல்சன் கோவன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நான்கு கூறுகள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது என்று காட்டினார். நீண்டகால நினைவுக்கு அப்படியொரு எல்லை தென்படுவதில்லை. ஆனால் புதிய பாடம் அங்கே போய்ச் சேர இந்தக் குறுகிய வழியாகத்தான் நுழைய வேண்டும். வாய் சிறுத்த பாட்டிலில் எண்ணெயை மடமடவென்று ஊற்றினால் வெளியேதான் வழியும். பாட்டிலில் இடமில்லை என்பதல்ல காரணம்.

ஒரு கூறு எவ்வளவு பெரியது என்பது முன்னறிவைப் பொறுத்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்குக் 'கன்னியாகுமரி' என்பது ஒரே கூறு. எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு அது ஏழு எழுத்து. ஆசிரியருக்கு "இரட்டைச் சுற்றோட்டம்" ஒரே கூறு. அன்றுதான் அதைக் கேட்கும் மாணவருக்கு அதற்குள் நான்கு அறைகள், வால்வுகள், தமனிகள், சிரைகள், நுரையீரல் எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. தான் தயாரித்த ஸ்லைடு ஆசிரியர் கண்ணுக்கு எளிமையாகத் தெரிவதற்கும், மாணவர் அதில் திணறுவதற்கும் காரணம் இதுதான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர் 1988-ல் முன்வைத்த 'அறிதல் சுமை' கோட்பாடு இங்கிருந்து கிளம்புகிறது. பாடத்துக்கே உரிய சுமை ஒன்று உண்டு. அதைத் தவிர்க்க முடியாது. பாடத்தைக் காட்டும் விதத்தால் கூடுகிற சுமை இன்னொன்று. அது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆகவே முதல் திருத்தம் நீக்குவது. துடிக்கும் கார்ட்டூன் போகட்டும். ஸ்லைடுக்கு ஸ்லைடு திரும்ப வரும் சின்னம் முதல் பக்கத்தோடு நிற்கட்டும். சுவையான செய்தி சொல்லியே ஆக வேண்டுமா? மின்னல் சோதனை காட்டியபடி, பாடம் முடிந்த பிறகு சொல்லலாம்.

காது கேட்கட்டும், கண் பார்க்கட்டும்

1974-ல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் செயல்நினைவுக்கு ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். சொற்களின் ஒலியைத் தாங்க ஒரு பகுதி, காட்சிகளைத் தாங்க இன்னொரு பகுதி. இரண்டும் ஓரளவு தனித்தனியே இயங்குகின்றன. அதனால் ஆசிரியரின் குரலும் திரையின் படமும் ஒன்றோடொன்று மோதாமல் சேர்ந்தே உள்ளே போக முடியும். வகுப்பறைக் காட்சிப் பாடத்தின் பலமே இதுதான்.

அந்தப் பலத்தை நாம் இழப்பது, திரையில் உள்ள பத்து வரியையும் அப்படியே வாசிக்கும்போது. எழுத்து கண்வழியாக நுழைந்தாலும் மனத்துக்குள் ஒலியாகத்தான் மாறுகிறது. மாணவர் தன் வேகத்தில் வாசிக்கிறார். ஆசிரியர் வேறு வேகத்தில் வாசிக்கிறார். இரண்டு குரலும் ஒரே இடத்தில் மோதுகின்றன. ஸ்லாவா கல்யுகா, பால் சாண்ட்லர், ஸ்வெல்லர் மூவரும் 1999-ல் செய்த ஆய்வும், மேயரின் குழு 2001-ல் செய்த ஆய்வும் ஒரே திசையைக் காட்டின. படத்தோடு குரல் சேர்ந்தால் கற்றல் கூடுகிறது. அதே சொற்கள் திரையிலும் ஓடினால் குறைகிறது.

இதயப் படத்தை வைத்தே செய்த சோதனையும் உண்டு. 1991-ல் சாண்ட்லரும் ஸ்வெல்லரும் இதயம், நுரையீரல், உடல் ஆகியவற்றினூடே இரத்தம் ஓடும் வழியைக் காட்டும் படத்தைப் பயன்படுத்தினார்கள். அம்புக்குறிகளும் பெயர்களும் உள்ள, தானே விளங்குகிற படம் அது. 'நுரையீரலிலிருந்து இரத்தம் இடது ஆரிக்கிளுக்குச் செல்கிறது' என்பது போல, படம் ஏற்கெனவே சொல்வதையே சொல்லும் வாக்கியங்களை அதோடு சேர்த்தபோது கற்றல் மேம்படவில்லை. படத்தை மட்டும் பார்த்தவர்களே நன்றாகக் கற்றார்கள்.

ஆக, இரண்டாம் திருத்தம்: பத்து வரிகளும் திரையை விட்டு ஆசிரியரின் வாய்க்குப் போகட்டும். படம் திரை முழுவதும் விரியட்டும். ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. புதிய கலைச்சொல்லைக் காதால் மட்டும் கேட்டால் பிடிபடாது. 'வெண்ட்ரிக்கிள்' முதன்முறை வரும்போது அது எழுத்தாகவும் தெரிய வேண்டும். பாடமொழி வீட்டுமொழியாக இல்லாத மாணவருக்கு இந்த உதவி இன்னும் அதிகம் தேவை.

அருகில் இருப்பது உறவு

1923-ல் உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர், கண் எவ்வாறு புள்ளிகளையும் கோடுகளையும் தொகுத்துக்கொள்கிறது என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். கெஸ்டால்ட் உளவியலின் அடித்தளங்களில் ஒன்று அது. அருகருகே இருப்பவை ஒரு குழுவாகத் தெரிகின்றன. நிறத்திலோ வடிவத்திலோ ஒத்திருப்பவை ஓர் இனமாகத் தெரிகின்றன. நாம் முயன்று செய்வதில்லை; பார்த்த கணமே கண் செய்துவிடுகிறது. நாம் விரும்பாத இடத்திலும் அது அப்படித்தான் தொகுக்கும். வலது ஆரிக்கிளின் பெயர் நுரையீரல் தமனிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால், மாணவர் தமனியைத்தான் ஆரிக்கிள் என்று படித்துக்கொள்வார்.

எண் போட்டுக் கீழே பட்டியல் கொடுப்பது இந்த இயல்பை முற்றிலும் வீணாக்குகிறது. நம் கண் கூர்மையாகப் பார்ப்பது மிகச் சிறிய பரப்பை மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த நகத்தின் அகலம்தான் ஏறக்குறைய அந்தப் பரப்பு. மற்றதெல்லாம் மங்கல். 7 என்ற எண்ணைப் பார்த்து, பட்டியலுக்கு இறங்கி, 7-ஐத் தேடி, பெயரைப் படித்து, மறுபடி படத்துக்கு ஏறி, அந்த எண் எங்கே என்று தேட வேண்டும். அதுவரை இரண்டையும் செயல்நினைவில் சுமக்க வேண்டும். இந்தச் சுமையில் இதயத்தைப் பற்றிய அறிவு ஒரு துளியும் இல்லை. பெயரை உறுப்பின் மீதோ, ஒட்டினாற்போலவோ எழுதிவிட்டால் இந்த அலைச்சல் அடியோடு ஒழியும்.

கவனத்தை ஓரிடத்துக்கு அழைப்பதற்கும் கண்ணின் இயல்பே துணை. ஆன் ட்ரீஸ்மன் 1980-ல் விளக்கியபடி, கூட்டத்தில் நிறத்தால் மாறுபட்ட ஒன்று தேடாமலே கண்ணில் படும். 1933-ல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப், தனித்துத் தெரிவது நினைவிலும் தங்கும் என்று காட்டினார். இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: மற்றவை அடங்கியிருக்க வேண்டும். ஐந்து நிறத்தில் பத்துச் சொற்களை மின்ன வைத்தால் எதுவும் தனித்து நிற்காது.

அதனால் முழு இதயத்தையும் ஒரே மூச்சில் காட்ட வேண்டாம். முதல் ஸ்லைடில் இதயம் முழுவதும் வெளிர் சாம்பல். வலது ஆரிக்கிளும் வலது வெண்ட்ரிக்கிளும் மட்டும் நிறத்தில். இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. அடுத்ததில் நுரையீரல். அதற்கடுத்ததில் இடப்பக்கம். கடைசியில் முழுப்படம். தானாக ஓடும் அசைபடத்தை விட இது பல நேரம் மேலானது. அசைபடங்களைப் பற்றிய ஆய்வுகளை 2002-ல் அலசிய பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், பல அசைபடங்கள் கண் பின்தொடர முடியாத வேகமும் சிக்கலும் கொண்டவை என்று சுட்டினார்கள். படிப்படியாக நிற்கும் படத்தில் மாணவர் கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. படத்தில் இதயத்தின் வலப்பக்கம் நமக்கு இடப்புறம் தெரிவது ஏன் என்பது அவர்கள் அவசியம் கேட்கும் கேள்வி; எதிரே நிற்பவரின் இதயமாக அதைப் பார்க்கச் சொன்னால் குழப்பம் தீரும்.

தலைப்பு ஒரு வாக்கியமாகட்டும்

பவர்பாயின்ட் 1987-ல் பிறந்தது. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் மெக்கின்டாஷ் கணினிக்காக உருவாக்கிய மென்பொருள் அது. அதே ஆண்டில் அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அலுவலகக் கூட்டங்களுக்கான கருவியாகத்தான் அது கிளம்பியது. மேலே சிறு தலைப்பு, கீழே புள்ளி வைத்த குறிப்புகள் என்ற அச்சு அங்கிருந்துதான் நம் வகுப்பறைகளுக்கு வந்தது. கற்பதற்கு அதுவே ஏற்ற வடிவமா என்று பலரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

இந்த அச்சு முக்கியச் செய்தியை எப்படி மறைத்துவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2003 ஜனவரியில் நாசாவின் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியின் காப்பு நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்த நாட்களிலேயே போயிங் பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்குச் சேத மதிப்பீட்டை ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நிலைமை பாதுகாப்பானது என்ற எண்ணத்தைத் தந்தது. மோதிய துண்டு, சோதனைகளில் பயன்பட்ட துண்டைப் போலச் சுமார் 640 மடங்கு பெரியது. அந்தச் செய்தி அடுக்கடுக்கான உட்குறிப்புகளுக்குக் கீழே, கடைசி வரிகளில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் மாண்டார்கள். விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு, தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டியின் பகுப்பாய்வை மேற்கோள் காட்டி, இதைப் படிக்கும் மூத்த அதிகாரி உயிருக்கு ஆபத்தான நிலையை உணராமல் போவது இயல்பே என்று தன் அறிக்கையில் பதிவு செய்தது. திரையில் எது பெரிதாக, மேலே இருக்கிறதோ அதுவே முக்கியம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

மைக்கேல் ஆலி என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் முறை இதற்கு நல்ல மாற்று: தலைப்பில் ஒரு முழு வாக்கியம், கீழே அதற்குச் சான்றாக ஒரு படம். அமெரிக்காவின் விர்ஜீனியா டெக்கில் நடந்த புவி அறிவியல் வகுப்புகளில் அவருடைய குழு இதைச் சோதித்தது. வாக்கியத் தலைப்புகளோடு கற்றவர்கள் தேர்வில் மேலான மதிப்பெண் பெற்றார்கள். நம் ஸ்லைடில் "இதயம்" என்ற தலைப்பு எதையும் சொல்லவில்லை. "வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடப்பக்கம் உடல் முழுவதற்கும் அனுப்புகிறது" என்று எழுதிப் பாருங்கள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது என்ற கேள்விக்கு மாணவரே விடை சொல்லிவிடுவார்.

வாக்கியத் தலைப்பு ஆசிரியருக்கும் ஒரு சோதனை. ஒரு ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், அந்த ஸ்லைடில் என்ன சொல்ல வருகிறோம் என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

எவ்வளவு பெரிய எழுத்து?

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1862-ல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த அளவின்படி, குறையற்ற பார்வை உள்ளவர் 6 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயர எழுத்தை அடையாளம் காண்பார். 8 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி பெஞ்சுக்கு அது 12 மில்லிமீட்டர். இது முட்டி மோதிப் படிக்கும் எல்லை. களைப்பில்லாமல் வாசிக்க மூன்று மடங்காவது வேண்டும். ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். திரையின் உயரம் 120 சென்டிமீட்டர் என்றால், அதில் 34-ல் ஒரு பங்கு. பவர்பாயின்ட் ஸ்லைடின் உயரம் 540 புள்ளி (எழுத்துரு அளவைக் குறிக்கும் 'பாயின்ட்'). ஆகவே எழுத்தின் உடல் 16 புள்ளி இருக்க வேண்டும். தமிழ் எழுத்துருக்களில் எழுத்தின் உடல், குறிக்கப்பட்ட அளவில் ஏறக்குறைய பாதிதான். எனவே எழுத்துரு அளவு 32-க்குக் குறையக் கூடாது.

தமிழுக்கு இதில் தனிக் கவனம் தேவை. மெய்யெழுத்தின் புள்ளி, கொம்பின் சுழி, இகர ஈகார விசிறிகளின் வேறுபாடு எல்லாம் நுண்ணியவை. தொலைவில் முதலில் மறைவது இவைதான். இவை மறைந்தால் சொல்லே மாறிவிடும். மெல்லிய கோடு உள்ள, அலங்காரமான எழுத்துருவைத் திரைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோடு சீராகவும், சுழிகள் திறந்தும், வரிகளுக்கு இடையே மேல்விசிறிக்கும் கீழ்ச்சுழிக்கும் இடம் விட்டும் இருக்கட்டும்.

வகுப்பறைக்குப் போகாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. 15.6 அங்குல மடிக்கணினியில் ஸ்லைடை முழுத்திரையில் வைத்து, நாலேகால் அடி தள்ளி நின்று படியுங்கள். 120 சென்டிமீட்டர் திரையை 8 மீட்டரிலிருந்து பார்க்கும் மாணவருக்குத் தெரிவது அதே அளவில்தான்.

அடுத்தது வெளிச்சம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பு என்று தெரிவது, அறையின் வெளிச்சம் மட்டும் விழுந்திருக்கும் இடம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். புரொஜெக்டர் 400 லக்ஸ் வெள்ளையைத் தந்து, அறை வெளிச்சம் 100 லக்ஸ் விழுந்தால், வெள்ளை 500, கறுப்பு 100. வேறுபாடு ஐந்து மடங்கு. இணையப் பக்கங்களுக்கான பன்னாட்டு அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5 மடங்கை இது ஒட்டித் தாண்டுகிறது. ஜன்னல் வழியே இன்னொரு 100 லக்ஸ் வந்தால் வேறுபாடு மூன்று மடங்காகச் சரியும். சாம்பல் நிற எழுத்து அப்போது காணாமலே போகும். ஆகவே வெளிச்சமான அறையில் வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்தே நல்லது. திரைக்கு மேலுள்ள விளக்கை மட்டும் அணைத்தால் போதும். மாணவர் குறிப்பெடுக்க மற்ற விளக்குகள் எரியட்டும்.

நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து இரட்டிப்புத் தொல்லை. இரண்டும் அடர்ந்த நிறங்கள் என்பதால் வேறுபாடு குறைவு. இரண்டு ஒளியையும் விழி ஒரே இடத்தில் குவிப்பதில்லை என்பதால் விளிம்புகள் அதிர்வது போலத் தோன்றும். சிவப்பு–பச்சையைப் பிரித்தறிய முடியாத மாணவர் ஒருவராவது ஒரு பெரிய வகுப்பில் இருக்க வாய்ப்பு உண்டு. அவரை நினைத்து, நிறத்தால் சொல்வதை வடிவத்தாலும் சொல்லுங்கள்: ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்துக்குச் சிவப்பு முழுக்கோடு, குறைந்ததற்கு நீலப் புள்ளிக்கோடு.

நம்ப வேண்டாதவை

பி.எட். வகுப்புகளில், கற்றல் அனுபவங்களை அடுக்கிக் காட்டும் எட்கர் டேலின் அனுபவக் கூம்பு சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அதோடு சேர்ந்து, படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20, பார்த்ததில் 30 என்று நினைவிருக்கும் என்ற பட்டியலும் உலவுகிறது. 1946-ல் டேல் வெளியிட்ட கூம்பில் அப்படி எந்தச் சதவீதமும் இல்லை. பின்னால் யாரோ ஒட்டியவை. சிலர் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால் கற்பவர்கள் என்ற வகைப்பாட்டையும் 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர் தலைமையிலான குழு ஆராய்ந்தது. வகைக்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கண்டது. பொருத்தமான படமும் தெளிவான குரலும் எல்லா மாணவருக்குமே உதவுகின்றன.

எல்லாப் பாடத்தையும் ஸ்லைடாக்கவும் தேவையில்லை. தேற்றத்தை நிறுவும்போதும் சமன்பாட்டைத் தீர்க்கும்போதும் கரும்பலகையே மேல். அங்கே ஒவ்வொரு வரியும் கை எழுதும் வேகத்தில் பிறக்கிறது. மாணவரின் சிந்தனை கூடவே நடக்க முடிகிறது. கண்ணால் காண முடியாததையும், கையால் வரைய முடியாததையும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதையும் திரைக்கு விடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பாடத்துக்கு முன் உங்களிடம் உள்ள ஸ்லைடுகளில் ஒன்றை மட்டும் எடுத்துத் திருத்திப் பாருங்கள். தலைப்பை வாக்கியமாக்குங்கள். நீங்கள் வாயால் சொல்லப்போவதை அழியுங்கள். பெயரை உறுப்பின் பக்கத்தில் வையுங்கள். அலங்காரத்தை எடுங்கள். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படியுங்கள். பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒன்று: கருவி வாங்கச் செலவிடும் பணத்தில் சிறு பங்கையாவது, அதில் எதை எப்படிக் காட்டுவது என்ற பயிற்சிக்கு ஒதுக்குங்கள். திரை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், மாணவரின் செயல்நினைவு தாங்குவது நான்கு கூறுகளைத்தான்.